எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும்?

லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பகுதிகளின் தோட்டத் தலைவர்களுக்கும், மாதர் தலைவிகளுக்கும், மலையக இளைஞர் அமைப்புகளில் வேலை செய்கிறவர்களுக்கும்,

தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களைக் குற்றவாளிகளாக்கும் சட்டத்தைப் பற்றியோ, ஒரே பாலினத்தவர் இருவர் மணம் முடிப்பது பற்றியோ பேச்செடுத்தால் நம் அமைப்புகளில் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வருவதில்லை. தள்ளிப் போடுகிறார்கள். சனங்கள் இதை ஏற்கமாட்டார்கள், முதலில் சம்பளமும் வீடும் காணியும் முடியட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் வழக்கமான பதில். சனங்களைப் பற்றிச் சொல்வது பொய்யில்லை. பியூ ஆய்வு மையம் 2022 இல் இந்தப் பக்கத்து நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில், இலங்கையில் ஒரே பாலினத் திருமணத்தை ஆதரித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். தாய்லாந்தில் 60 பேர், கம்போடியாவில் 57 பேர். ஆகவே நாட்டின் நிலைமை என்னவென்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அந்த 23 என்ற எண் ஒரு பேச்சை முடித்து வைக்கப் போதுமா என்பதே உங்களிடம் நான் எழுப்பும் கேள்வி. போதாது என்கிறேன். மற்ற யார் அந்த எண்ணைக் காரணம் காட்டினாலும் மலையகத்தான் காட்டக்கூடாது என்றும் சொல்கிறேன்.

1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர் சி.வி. வேலுப்பிள்ளை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் வென்ற ஆசனங்களில் அதுவும் ஒன்று. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1952 தேர்தல் வந்தபோது மலையகத் தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. இதை யாரும் இரவோடிரவாகத் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. பாராளுமன்றத்தில் விவாதித்து, வாக்கெடுத்து, பெரும்பான்மையோடு நிறைவேற்றினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்று குடும்பங்கள் உடைந்தன. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் முற்றாகத் தீர 2003 வரை ஆனது. அந்த ஐம்பத்தைந்து வருடத்தில் எந்த வருடமானாலும் சரி, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுக்கலாமா என்று நாடு முழுக்கக் கருத்துக்கணிப்பு எடுத்திருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. அந்த விடையை வைத்து நம் நியாயத்தை அளந்திருக்க முடியுமா? கூடியதும் குறைந்ததும் மற்றவர்களின் சம்மதம். நம் உரிமை அன்றும் அதே அளவுதான், இன்றும் அதே அளவுதான். யார் யாரோடு சேர்ந்து வாழலாம் என்பதை அரசாங்கம் காகிதத்தில் தீர்மானித்தால் ஒரு வீட்டுக்கு என்ன நேரும் என்பதும் இந்த நாட்டில் நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இனி ஆதரவு நிறையவே கிடைத்த ஒரு கோரிக்கையைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2015 இல் எழுந்தது. 2018 அக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையோடு காலிமுகத்திடலில் திரண்டார்கள். தோட்டக் கம்பனிகளை விட்டுவிட்டால், இது அநியாயமான கோரிக்கை என்று வெளிப்படையாகச் சொன்னவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கட்சிகள் ஆதரித்தன, மதத் தலைவர்கள் அனுதாபப்பட்டார்கள். ஆனாலும் ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில், அதுவும் 900 அடிப்படை, 100 படி என்று பிரித்து. வந்த கையோடு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோ கூடியது, வேலை நாள் குறைந்தது, ஒரு பேர் போட வேண்டியவருக்கு அரைப்பேர் விழுந்தது. 2024 மே தினத்தில் 1700 ரூபாய் என்று அப்போதைய ஜனாதிபதி அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த வருடம் செப்டெம்பரில் கடைசியாக நின்றது 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளம். நாடே தலையாட்டிய கோரிக்கையின் கதை இது. ஏன் இப்படி என்றால், ஆயிரம் ரூபாய்க்குத் தலையாட்டிய கொழும்புக்காரர் அதற்காகத் தன் வீட்டில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. செலவில்லாத ஆதரவு அகலமாகப் பரவும், ஆனால் பாரம் தாங்காது.

ஒரே பாலினத் திருமணம் கேட்பது வேறு மாதிரியான ஒன்று. அது யாரிடமும் பணம் கேட்கவில்லை, காணி கேட்கவில்லை, தேயிலை விலையைக் கூட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரின் வீட்டு வாசலுக்கும் வருகிறது. என் மகள் என்றால் என்ன செய்வேன், என் தம்பி என்றால் சொந்தக்காரருக்கு என்ன சொல்வேன், கோயில் திருவிழாவில் எந்த முகத்தோடு நிற்பேன் என்று யோசிக்க வைக்கிறது. கருத்துக்கணிப்பில் கேள்வி கேட்கப்படும்போது மனதுக்குள் ஓடுவது அதுதான். ஆகவே 23 என்ற எண்ணில் நான் பார்ப்பது அந்தக் கோரிக்கை நம்மை எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதையே. அதன் நியாயம் எவ்வளவு என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. ஆயிரம் ரூபாயின் ஆதரவையும் இதன் ஆதரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அது மக்கள் பிரச்சினை, இது மக்கள் பிரச்சினையில்லை என்று தீர்ப்புச் சொல்வது இந்த வித்தியாசத்தைப் பார்க்காததால் வரும் பிழை.

இப்படி நெருங்கி வரும் கோரிக்கைக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. அது அசையத் தொடங்கினால் வேகமாக அசைகிறது. அமெரிக்காவில் கேலப் நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறது. கறுப்பரும் வெள்ளையரும் மணம் முடிப்பதை 1958 இல் நூற்றுக்கு 4 பேர்தான் ஏற்றார்கள். அத்தகைய திருமணத்தைத் தடுக்கும் சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967 இல் செல்லாததாக்கியது. அடுத்த வருடம்கூட ஏற்றவர்கள் 20 பேர்தான். 2021 இல் 94 பேர். ஒரே பாலினத் திருமணத்துக்கு 1996 இல் 27 பேர் ஆதரவு, 2023 இல் 71 பேர். அதே நாட்டில் கருக்கலைப்புப் பற்றிய கருத்து அரை நூற்றாண்டாகப் பெரிதாக அசையவில்லை. இனம் கடந்த திருமணம் அறுபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட தூரத்தில் ஏறத்தாழப் பாதியை ஒரே பாலினத் திருமணம் முப்பது வருடத்துக்குள் கடந்தது. இதற்கு எனக்குப் படும் காரணம் எளிது. தோட்டத் தொழிலாளி மந்திரியின் வீட்டில் பிறப்பதில்லை, கறுப்பர் வெள்ளையரின் வீட்டில் பிறப்பதில்லை. தன்பால் ஈர்ப்பு உள்ள பிள்ளை எல்லோர் வீட்டிலும் பிறக்கிறது. துரை பங்களாவிலும் பிறக்கிறது, லயத்துக் காம்பராவிலும் பிறக்கிறது. அந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லும்போது தகப்பனின் கருத்து ஒரு கொள்கையாக இருக்க முடியாமல் போகிறது, பிள்ளையா கருத்தா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வருகிறது. எல்லாத் தகப்பனும் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனாலும் போதிய அளவுக்குப் பேர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த எண்களே சாட்சி.

தெரிந்துகொள்வது எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு இளம் பெண்களின் வழக்கு 2021 இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இந்த விஷயம் தனக்குப் புரியவில்லை என்று அவர் மன்றத்திலேயே ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு எழுதிய உத்தரவில் பொலிசார் இப்படிப்பட்ட சோடிகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றார், மருத்துவத்தால் 'மாற்றுகிறோம்' என்னும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். ஒரு நீதிபதி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஒரு தோட்டத் தலைவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் நம் நாட்டில் தன்பால் ஈர்ப்பு உள்ள பிள்ளை வாய் திறக்க முடியாதபடி சட்டமே பயமுறுத்துகிறது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365 ஆம் பிரிவும் 365அ பிரிவும் இன்னும் கிடக்கின்றன. 1995 வரை 365அ ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. அந்த வருடம் திருத்தம் என்ற பெயரில் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இரண்டு வருடம் வரை சிறை. அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த இந்தக் குற்றமாக்கலை நீக்கத் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து மனுக்கள் போயின. அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்ற உயர் நீதிமன்றத்தின் முடிவை 2023 மே மாதம் சபாநாயகர் சபையில் அறிவித்தார். அதாவது சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் வாக்கெடுப்பே நடக்கவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் போய்விட்டது. சனங்களின் ஆதரவு வந்த பிறகு சட்டத்தை மாற்றலாம் என்கிறவர்கள் இந்தச் சங்கிலியைப் பார்க்க வேண்டும். பழகிப் பார்த்தால்தான் ஆதரவு வரும், வெளியே சொன்னால்தான் பழக முடியும், குற்றம் என்றிருக்கும்வரை பயமில்லாமல் சொல்ல முடியாது. சட்டம் முதலில் நகர்ந்த இடங்களும் உண்டு. தாய்வானில் 2018 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் ஒரே பாலினத் திருமணத்தைத் தெளிவாக நிராகரித்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பு ஏற்கனவே இருந்ததால் 2019 மே மாதம் தனிச் சட்டம் வந்தது. சில வருடங்களுக்குள் அங்கே ஆதரவு பாதியைத் தாண்டிவிட்டது. அயர்லாந்து போல 2015 இல் மக்களே வாக்களித்து நூற்றுக்கு 62 பேர் ஆம் என்று சொன்ன நாடும் உண்டு. இந்தியாவில் அதே பியூ கணிப்பு வரிசையில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. எண்ணிக்கைக்கும் சட்டத்துக்கும் நேர்க்கோட்டில் தொடர்பு இல்லை என்பதைத்தான் இவையெல்லாம் காட்டுகின்றன.

இது நம் கலாசாரம் இல்லை என்ற மறுப்பை நான் இலேசாகத் தள்ளவில்லை. அதைச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் மனதாரச் சொல்கிறார்கள். ஆனால் இதைக் குற்றமாக்கிய சட்டம் எங்கிருந்து வந்தது? கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலத்தில், நம் முன்னோரை மன்னார்க் காடு வழியாக நடத்திக் கொண்டுவந்த அதே வெள்ளைக்கார அரசாங்கம் எழுதிய சட்டம் அது. நம் மதங்கள் எழுதியதல்ல. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் நேபாளத்தில் 2023 நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் ஒரே பாலினத்தவரின் முதல் திருமணம் பதிவானது. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் அதற்கான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இவற்றைவிட நமக்கு நெருக்கமான ஒரு சான்றும் உண்டு, அது சுயமரியாதைத் திருமணம். 1928 இல் தமிழ்நாட்டின் சுக்கிலநத்தத்தில் ஐயரும் இல்லாமல், அக்கினியும் இல்லாமல் முதல் திருமணம் நடந்தது. ஊர் ஏசியது. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்தது சட்டப்படி திருமணமே இல்லை என்றது. பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள் ஒரே தீர்ப்பில் கல்யாணம் ஆகாதவர்களாக ஆனார்கள். அண்ணாதுரை ஆட்சிக்கு வந்த பிறகுதான், 1967 இல் நிறைவேறிய திருத்தம் அத்தனை திருமணங்களையும் பின்னோக்கிச் செல்லுபடியாக்கியது. நாற்பது வருடம் அவர்கள் சட்டமில்லாமலும் பெரும்பான்மை ஆதரவில்லாமலும் வாழ்ந்து காட்டினார்கள். ஏ. இளஞ்செழியனின் இலங்கை திராவிட முன்னேற்றக் கழகம் இதே மலைகளில் அந்தக் கருத்துகளைப் பரப்பி, 1962 இல் தடையும் வாங்கியது. திருமணம் என்பதன் வடிவத்தைத் தமிழர் தாமே மாற்றியிருக்கிறார்கள், நம் தாத்தாக்களின் காலத்திலேயே மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் சம்பளம் என்ற வாதம் இதைவிடக் கனமானது, ஏனென்றால் பசி உண்மையானது. வீட்டில் மாவு தீர்ந்த நாளில் திருமணச் சட்டம் பற்றிக் கூட்டம் போடச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் இந்த 'முதலில்' எப்போது முடியும்? தேயிலை மலையில் கொழுந்தெடுத்து இந்தத் தொழிலைத் தாங்கிய பெண்களுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்பது பல தலைமுறைகளாக விதியாக இருந்தது. எல்லோருக்கும் சம்பளம் கூடட்டும், பெண்ணுக்குத் தனியாகக் கேட்பது ஒற்றுமையைக் குலைக்கும் என்று சொல்லித் தள்ளிவைக்க அப்போதும் வழி இருந்தது. 1984 வேலைநிறுத்தத்தோடு சம சம்பளம் கிடைத்தது. அதனால் ஆண்களின் சம்பளம் ஒரு சதமும் குறையவில்லை, சங்கமும் உடையவில்லை. ஒருவர் உரிமைக்குச் செலவழித்த அக்கறை மற்றவர் உரிமையிலிருந்து கழியும் என்று நம்ப எந்த ஆதாரமும் நம் வரலாற்றில் இல்லை. தவிரவும் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். பெண்ணை விரும்பும் பெண் காலையில் பிரட்டுக்கு வருகிறவள்தான், அரைப்பேர் விழுந்தால் அவளுக்கும்தான் நட்டம். சம்பளப் போராட்டத்தில் அவள் வந்து நிற்கிறாள். அவளுடைய போராட்டத்துக்கு மட்டும் நேரம் வரவில்லை என்று சொல்வது எந்த வகைத் தோழமை?

திருமணம் என்பது படித்தவர்கள், பணக்காரர்களின் ஆசை என்று சிலர் நினைக்கிறார்கள். தோட்டத்தில் அதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது. காசு உள்ளவர் கொழும்பில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சட்டத்தரணியை வைத்து எழுத வேண்டியதை எழுதி வாழ்ந்துவிடலாம். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். காம்பரா கொடுப்பதும் குடும்பக் கணக்கில், வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியலில் பெயர் வருவதும் குடும்பக் கணக்கில். ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு இத்தனை வருடம் போராடுகிறோமே, அந்த உறுதி கைக்கு வந்த பிறகு நடப்பதை யோசித்துப் பாருங்கள். மலையகத் தமிழருக்குத் தேசவழமை கிடையாது, பொதுச் சட்டம்தான். 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ போகும். இரண்டு பெண்கள் இருபது வருடம் ஒரே அடுப்பில் சமைத்து, இருவரின் சம்பளத்திலும் தகரத்தை ஓடாக மாற்றி, ஒருத்தியின் பெயரில் உறுதி வாங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அவள் இறந்த மறுவாரம் அண்ணன் மகன் வந்து கதவுக்குப் பூட்டுப் போட்டால் மற்றவளுக்குப் பேச ஒரு வார்த்தையும் சட்டத்தில் இல்லை. மரண சாசனம் எழுதலாம்தான். ஆனால் நொத்தாரிசுக்குப் போனால் தாங்கள் யார் என்று சொல்ல வேண்டி வருமோ என்ற பயம், 365அ இருக்கும்வரை போகாது. காணி உரிமையைப் பற்றி இரவு பகலாகப் பேசும் நாம், அந்தக் காணியிலிருந்து ஒருத்தியை வெளியேற்றும் வழியையும் அதே மூச்சில் பேச வேண்டாமா?

நாளைக்கே திருமணச் சட்டம் கேட்டு ஊர்வலம் போங்கள் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கு 23 பேர் என்ற இடத்திலிருந்து அங்கே போக இடையில் படிகள் உண்டு, முதல் படி 365, 365அ பிரிவுகள் போவது. 2023 ஆம் வருடம் மலையகம் 200 என்று சொல்லித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம், இந்த நாட்டின் சமமான பிரஜைகளாக எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். அதே வருடம்தான் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டமூலத்துக்கு வழிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பேசிய நம் அமைப்பு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இனியாவது உங்கள் அமைப்பின் கோரிக்கைப் பட்டியலில் இது ஒரு வரியாக இடம்பெறட்டும்.

தோட்டத் தலைவர்களிடமும் மாதர் தலைவிகளிடமும் தனியாக ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போனால் பெற்றோர் பொலிசுக்கு முன்னால் உங்களிடம்தான் வருகிறார்கள். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளின் விஷயத்தில், அடிக்க விடாமல், வயது வந்தவர்களின் முடிவு என்று பெற்றோரிடம் பேசி நிலைமையைக் காப்பாற்றிய தலைவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். வீட்டை விட்டுப் போன இருவரும் பெண்களாக இருந்தாலும், இருவரும் ஆண்களாக இருந்தாலும் அதையே செய்யுங்கள். பூசாரியிடம் கொண்டுபோகவும் அவசரமாக மாப்பிள்ளை பார்க்கவும் துணை நிற்காதீர்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் வீட்டு வன்முறை பற்றிப் பேசும்போது இந்த வன்முறையையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். வீட்டுத் திட்டப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, இருவர் ஒரு குடும்பமாக வாழ்கிறார்கள் என்றால் கேள்வி கேட்காமல் அவர்களை ஒரு குடும்பமாக எழுதிக்கொடுங்கள்.

நுவரெலியா மாவட்டம் எட்டுப் பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புகிறது. சட்டமூலம் மீண்டும் ஒரு நாள் சபைக்கு வரும். அப்போது நம் எட்டுப் பேரும் எந்தப் பக்கம் கை உயர்த்துவார்கள் என்பதை, அவர்கள் அடுத்த முறை உங்கள் தோட்டத்துக்கு வரும்போது, சம்பளம் பற்றிக் கேட்கும் அதே கூட்டத்தில், அதே ஒலிவாங்கியில் கேளுங்கள். மழுப்பினால் மறுபடியும் கேளுங்கள்.

அன்புடன்,
லிந்துலையிலிருந்து உங்களில் ஒருவர்